சுவரின் உரிமையாளர் தெருவோவியத்தை அழிக்கலாமா? நியூயார்க்கின் ஃபைவ்பாயின்ட்ஸ் வழக்கு சொல்வது

அனுமதி பெற்று ஒரு சுவரில் வரையப்பட்ட ஓவியத்தை, அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் பின்னொரு நாளில் தன் விருப்பம்போல் வெள்ளையடித்து அழித்துவிடலாமா, வரைந்தவருக்கு அதைத் தடுக்கும் உரிமை ஏதேனும் உண்டா என்பது கேள்வி. பெரும்பாலான ஊர்களில் சுவருக்குச் சொந்தக்காரர் யாரையும் கேட்பதில்லை. வரைந்தவரும் வழக்குக்குப் போவதில்லை. ஆனால் நியூயார்க்கில் ஒரு கட்டட உரிமையாளர், தன் சொந்தச் சுவர்களுக்கு வெள்ளையடித்ததற்காக 67.5 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. தெருவோவியம் தொடர்பாக எனக்குத் தெரிந்த வழக்குகளில், இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டு முடிவு கண்ட வழக்கு அதுதான். ஆகவே அதிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

அந்த இடத்தின் பெயர் ஃபைவ்பாயின்ட்ஸ். குயீன்ஸ் பகுதியில் லாங் ஐலண்ட் சிட்டியின் ஜாக்சன் அவென்யூவை ஒட்டி நின்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் அது. உயரப் பாலத்தின் மேல் செல்லும் 7ஆம் எண் ரயிலில் அமர்ந்திருப்பவர்களுக்கு அதன் சுவர்கள் முழுவதும் கண்ணில் படும். ரயிலுக்கும், பொது இடங்களில் பெயரும் படமும் எழுதும் கிராஃபிட்டிக்கும் உள்ள உறவு அந்த நகரத்தில் பழையது. மன்ஹாட்டனில் 183ஆம் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர், கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டு சேர்க்கும் வேலையில் நகரம் முழுவதும் சுற்றியபோது, போகுமிடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று எழுதிவைத்தார். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்ட பிறகு, அதைப் பார்த்துப் பெயர் எழுதத் தொடங்கிய சிறுவர்கள் எண்ணற்றவர்கள். பெயரை ஒரே வீச்சில் கிறுக்கும் டேக், இரண்டு நிறத்தில் விரைவாக ஊதி முடிக்கும் த்ரோ-அப், இரவெல்லாம் உழைத்து உருவாக்கும் பீஸ் என்று அந்தக் கலை தனக்கான படிநிலைகளை வகுத்துக்கொண்டது. ரயில் பெட்டி ஒன்றை மேலிருந்து கீழ்வரை நிரப்பியவருக்கு அந்த உலகில் தனி மதிப்பு இருந்தது. நகர நிர்வாகம் ரயில் பணிமனைகளைச் சுற்றி முள்வேலி போட்டது, நாய்களை விட்டது. 1984இல் தொடங்கிய துப்புரவுத் திட்டத்தின் விதி எளிமையானது: எழுத்துள்ள பெட்டி எதுவும் சுத்தம் செய்யப்படாமல் பயணிகளை ஏற்றக்கூடாது. 1989 மே 12 அன்று, எழுத்துள்ள கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது.

ரயிலை இழந்தவர்களுக்குச் சுவர் வேண்டியிருந்தது. ஃபைவ்பாயின்ட்ஸின் முக்கியத்துவம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டடத்தின் உரிமையாளர் ஜெரி வோல்காஃப், 1990களின் தொடக்கத்திலேயே சுவர்களில் வரைய அனுமதி கொடுத்திருந்தார். 2002இல் ஜோனதன் கோஹன் என்ற ஓவியர் அந்தச் சுவர்களை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார். ‘மீரஸ் ஒன்’ என்பது அவர் கையெழுத்துப் பெயர். நியூயார்க்கின் ஐந்து வட்டாரங்களையும் குறிக்கும் வகையில் இடத்துக்கு அவர் புதிய பெயரும் சூட்டினார். உரிமையாளர் விதித்த நிபந்தனைகள் மூன்று: ஆபாசம் கூடாது, மதம் கூடாது, அரசியல் கூடாது. மற்றதெல்லாம் கோஹன் கையில். யார் எந்தச் சுவரில் வரையலாம், எந்த ஓவியம் சில நாட்களில் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும், எது நீண்ட காலம் நிற்கலாம் என்பதை அவர் தீர்மானித்தார். புதியவர்களின் மாதிரிகளைப் பார்த்த பிறகே இடம் ஒதுக்கினார். பிற நாடுகளிலிருந்தும் ஓவியர்கள் அங்கே வந்து வரைந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பயணிகளும் அதைப் பார்க்க வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைவ்பாயின்ட்ஸில் ஓவியங்கள் ஓயாமல் அழிந்துகொண்டிருந்தன. ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் வரைவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அதற்கென ஓர் ஒழுங்கு இருந்தது, அந்த ஒழுங்கை எல்லோரும் ஏற்றிருந்தார்கள். தெருவில் வரைபவர்கள் தங்கள் படைப்பு என்றென்றும் நிலைக்க வேண்டுமென்று கோரவில்லை. எது போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்றே கோரினார்கள். வழக்கின் உயிர்நாடி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2010களில் லாங் ஐலண்ட் சிட்டியின் நிலமதிப்பு ஏறியது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் சுமார் ஆயிரம் குடியிருப்புகள் கொண்ட இரண்டு உயர்ந்த கோபுரங்களைக் கட்ட வோல்காஃப் திட்டமிட்டார். 2013 அக்டோபரில் நகர மன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த இடத்துக்கு வரலாற்றுச் சின்ன அந்தஸ்து பெற ஓவியர்கள் முயன்றார்கள், கிடைக்கவில்லை. கட்டடத்தை விலைக்கு வாங்கப் பணம் திரட்ட முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. கடைசியில், தங்கள் ஓவியங்களை அழிக்கத் தடை கோரிக் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள்.

அவர்கள் சார்ந்து நின்ற சட்டம் 1990இல் இயற்றப்பட்ட காட்சிக் கலைஞர் உரிமைகள் சட்டம். பதிப்புரிமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பணம் தொடர்பான உரிமை: படியெடுப்பது, விற்பது, உரிமம் கொடுப்பது. இது அதிலிருந்து வேறானது. படைப்பு விற்கப்பட்டு வேறொருவரின் சொத்தாகிவிட்ட பிறகும், படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எஞ்சி நிற்கும் உறவைக் காக்கும் தார்மிக உரிமை இது. ஐரோப்பாவில், குறிப்பாக பிரான்சில், நெடுங்காலமாக வேரூன்றிய கருத்து. சொத்துரிமைக்கு முதலிடம் தரும் அமெரிக்காவுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இந்தச் சட்டத்தின்படி, ‘அங்கீகரிக்கப்பட்ட தகுதி’ பெற்ற, அதாவது மதிப்பு மிக்கதென்று கலையுலகம் ஏற்ற, ஓவியத்தையோ சிற்பத்தையோ அதன் ஆசிரியர் வாழும் காலத்தில் வேண்டுமென்றே அழிப்பதை அவர் தடுக்கலாம். கட்டடத்தோடு ஒட்டிய படைப்புகளுக்குத் தனி விதி உண்டு. சேதமின்றிப் பிரித்தெடுக்கக் கூடியதாக இருந்தால், உரிமையாளர் ஓவியருக்கு எழுத்து மூலம் அறிவித்து, எடுத்துச் செல்ல 90 நாள் அவகாசம் தர வேண்டும். பிரித்தெடுத்தால் பாழாகிவிடும் என்றால், அப்படி ஒருநாள் நேரலாம் என்பதை ஏற்று ஓவியர் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே உரிமையாளருக்குப் பாதுகாப்பு. வோல்காஃபிடம் அப்படிப்பட்ட தாள் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எல்லாம் வாய்வார்த்தையில் நடந்திருந்தது.

நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் 2013 நவம்பர் 12 அன்று இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். காரணங்களை விளக்கும் எழுத்து மூலமான தீர்ப்பு விரைவில் வரும் என்றும் சொன்னார். அந்தத் தீர்ப்பு 20ஆம் தேதி வெளிவந்தது. ஓவியங்கள் தகுதி பெற்றவை என்று பின்னர் விசாரணையில் நிரூபணமானால் உரிமையாளர் பெரும் தொகை இழப்பீடாகக் கொடுக்க நேரும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆனால் அது வெளிவருவதற்கு முன்பே, இரவோடு இரவாக ஆட்களை வைத்துச் சுவர்களுக்கு வோல்காஃப் வெள்ளையடித்துவிட்டார். 19ஆம் தேதி காலை ரயிலில் வேலைக்குப் போனவர்கள் கண்டது வெளுத்த சுவர்களை. அடித்தது சீரான பூச்சாகவும் இல்லை. பல ஓவியங்களின் கோடுகள் வெள்ளைக்கு அடியிலிருந்து தெரிந்துகொண்டிருந்தன. அந்த அரைகுறை நிலையிலேயே கட்டடம் மாதக்கணக்கில் நின்று, 2014இல் இடிக்கப்பட்டது.

இதற்கு வோல்காஃப் வெளியில் சொன்ன காரணம், கட்டடம் துண்டுதுண்டாக இடிபடுவதைப் பார்ப்பது ஓவியர்களுக்குச் சித்திரவதையாக இருந்திருக்கும் என்பது. அவர் பக்கத்தில் சொல்லத் தக்கதும் உண்டு. பிற உரிமையாளர்கள் கிராஃபிட்டியைக் கண்டாலே காவல்துறையை அழைத்த காலத்தில், தன் கட்டடத்தை நீண்ட காலம் திறந்துவைத்தவர் அவர். கட்டடம் ஒருநாள் இடிக்கப்படும் என்பதை அவர் மறைத்ததும் இல்லை. அந்த நன்றியை ஓவியர்களில் பலரும் உணர்ந்தே இருந்தார்கள். இருந்தும், இடிப்பதற்குத் தேவையான அனுமதிகள் கைக்கு வருவதற்கு முன்பே, நீதிமன்றத்தின் விளக்கம் வருவதற்கு முன்பே, பட்டப்பகலில் அல்லாமல் இரவில் அந்தக் காரியத்தைச் செய்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. நீதிபதிக்கும் தென்படவில்லை.

2017இல் ஜூரியோடு மூன்று வாரம் விசாரணை நடந்தது. ஜூரியின் முடிவை ஆலோசனையாக மட்டும் கொண்டு நீதிபதியே தீர்ப்பளிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வழக்கில் இருந்த 49 ஓவியங்களில் 45 அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவை என்று 2018 பிப்ரவரியில் பிளாக் தீர்ப்பளித்தார். ஓவியங்களின் சந்தை விலையை நம்பகமாகக் கணக்கிட முடியவில்லை என்பதால் உண்மையான இழப்பு என்ற தலைப்பில் அவர் எதுவும் தரவில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 1,50,000 டாலரை ஓவியம் ஒன்றுக்கு விதித்தார். 21 ஓவியர்களுக்குச் சேர வேண்டிய மொத்தம் 67.5 லட்சம் டாலர். வேண்டுமென்றே சட்டத்தை மீறியவருக்கு மட்டுமே உரியது அந்த உச்ச அளவு. அனுமதி கிடைக்கும்வரை பொறுத்திருந்து, பத்து மாதம் கழித்துக் கட்டடத்தோடு சேர்த்து இடித்திருந்தால் இந்த அளவு தண்டனை வந்திருக்காது என்று தீர்ப்பே சொல்கிறது. மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் அதையேதான் செய்வேன் என்று வோல்காஃப் சாட்சிக் கூண்டில் சொன்னதும் அவருக்கு எதிராகவே அமைந்தது.

மேல்முறையீட்டில் அவர் தரப்பு வைத்த முக்கியமான வாதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தெருவோவியத்தின் இயல்பையே அது தொடுகிறது. வரைந்தவர்களே இது தற்காலிகம் என்று அறிந்திருந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் வரைந்துகொண்டார்கள். அப்படியிருக்க, நிலைக்காத ஒன்றுக்கு ‘தகுதி’ எங்கிருந்து வரும் என்பது வாதம். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் இதை ஏற்க மறுத்தது. தற்காலிகப் படைப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை என்றது. 2005இல் கிறிஸ்டோ, ழான்-க்ளோடு என்ற கலைஞர் இணையர் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சில வாரங்களுக்கு மட்டும் நிறுவிய காவித்துணி வாயில்களைச் சான்றாகக் காட்டியது; அவை குறுகிய காலமே நின்றன, ஆனால் அவற்றின் தகுதியை யாரும் ஐயுறவில்லை. ஏலம் முடிந்த கணத்தில் தன்னைத்தானே கிழித்துக்கொண்ட, பேங்க்ஸி என்ற தெருவோவியரின் படத்தையும் அது குறிப்பிட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்ததும் தீர்ப்பு இறுதியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பே வோல்காஃப் காலமாகியிருந்தார்.

தகுதியை எப்படி நிரூபித்தார்கள் என்று கேட்கலாம். வழக்குத் தொடுக்க நினைக்கும் ஓவியர் யாருக்கும் பயன்படும் விஷயம் அது. கலை வரலாற்று வல்லுநரின் சாட்சியம், வெளிவந்த கட்டுரைகள், சமூக வலைத்தளங்களில் கிடைத்த கவனம், புகைப்படங்கள், ஓவியர்களின் பிற பணிகள் என்று ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனித்தனியாக ஆவணம் திரட்டி வைத்தார்கள். கடும் போட்டிக்கு நடுவே கோஹன் ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து முக்கியமான சுவரைக் கொடுத்தார் என்பதே அதன் தகுதிக்கு ஒரு சான்று என்று நீதிமன்றம் ஏற்றது. அருங்காட்சியகத்தின் காப்பாட்சியருக்குக் கொடுக்கும் மதிப்பை, தெருவில் இருந்து வந்த ஒருவரின் தெரிவுக்கும் நீதிமன்றம் கொடுத்தது. இந்தத் தீர்ப்பில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

இந்தத் தீர்ப்பை எல்லாச் சுவருக்கும் பொருந்தும் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபைவ்பாயின்ட்ஸ் ஓவியர்கள் அனுமதி பெற்று வரைந்தவர்கள். அனுமதியின்றி வரைந்தவரின் நிலை வேறு. 1997இல் இதே நியூயார்க்கில், நகராட்சிக்குச் சொந்தமான காலி மனையில் அமைந்த தோட்டத்தில் அனுமதியில்லாமல் வைக்கப்பட்ட படைப்புகளுக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். தன் சொத்தில் அத்துமீறி வைக்கப்பட்ட ஒன்றை அகற்றக்கூட உரிமையாளருக்கு முடியாமல் போவதைச் சட்டம் விரும்பியிருக்காது என்பது காரணம். அது நியாயமான முடிவு என்றே நானும் கருதுகிறேன். காலையில் கடையைத் திறக்க வரும் ஒருவர் தன் ஷட்டரில் யாரோ ஊதிய பெயரைக் காணும்போது, அதைத் துடைப்பதற்கு ஊதியவரின் ஒப்புதலைத் தேட வேண்டும் என்று சொல்ல முடியாது.

நகராட்சிகள் கிறுக்கல்களை உடனுக்குடன் துடைப்பதற்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதற்கு ஓரளவு சோதனைச் சான்றும் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நிறுத்திய சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டறிக்கைகளை மாட்டிவைத்தார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது அதைத் தரையில் வீசியவர்கள் 33 விழுக்காடு. சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 விழுக்காடு. ஆனால் அந்த ஆய்வாளர்கள் கலை என்று யாரும் நினைத்துவிடாத எளிய கிறுக்கல்களையே வேண்டுமென்று பயன்படுத்தினார்கள். ஆகவே அதை எடுத்துக்காட்டி, கவனித்து வளர்க்கப்பட்ட ஓவியச் சுவர்களும் தெருவைக் கெடுக்கின்றன என்று வாதிடுவது பொருந்தாது. ஃபைவ்பாயின்ட்ஸைச் சுற்றிய பகுதியில் குற்றங்கள் குறைந்தன என்பதை நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

அனுமதியற்ற ஓவியத்தை அழிப்பது ஒன்று. அதைப் பயன்படுத்திப் பணம் பண்ணுவது வேறொன்று. புரூக்ளினில் ஒரு விளையாட்டுத் திடல் சுவரில் ‘ரெவோக்’ என்ற ஓவியர் வரைந்ததைப் பின்னணியாக வைத்து எச் அண்டு எம் என்ற ஆடை நிறுவனம் விளம்பரப் படம் எடுத்தது. அவர் எதிர்ப்புத் தெரிவித்ததும், சட்டவிரோதமாக வரையப்பட்டதற்குப் பதிப்புரிமையே கிடையாது என்று அறிவிக்கக் கோரி 2018 மார்ச்சில் நிறுவனமே நீதிமன்றம் சென்றது. ஓவியர்களிடமிருந்து எழுந்த கண்டனம் கடுமையாக இருந்ததால் சில நாட்களில் வழக்கைத் திரும்பப் பெற்றது. கேள்வி தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது. அத்துமீறலுக்குத் தண்டனை இருக்கட்டும். அந்தத் தண்டனையின் ஒரு பகுதியாக, மூன்றாமவர் ஒருவர் அந்த உழைப்பை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

சுவரையே பெயர்த்து விற்பதும் நடக்கிறது. 2014இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விளையாட்டுக் கூடத்தின் சுவரில் பேங்க்ஸியின் ஓவியம் ஒன்று தோன்றியது. கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டியெடுத்து விற்பனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம், பழுதுபார்க்கும் கடமையின்படி ஓவியத்தை அகற்றலாம் என்றே கொண்டாலும், வெட்டியெடுத்த சுவர்த்துண்டு கட்டடத்தின் மூல உரிமையாளருக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. வழக்காடிய இரு தரப்பிலும் வரைந்தவர் இல்லை, அந்தத் தெருவில் நடப்பவர்களும் இல்லை. தெருவில் இருந்தால் மட்டுமே பொருள் தரும் ஒன்றைத் தெருவிலிருந்து பிரிப்பதும் ஒருவகை அழிப்புதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது சொத்துத் தகராறாக மட்டுமே தெரிந்தது.

சில நேரங்களில் வரைந்தவரே அழிக்கிறார். இத்தாலிய ஓவியர் ப்ளூவின் இரண்டு பெரும் ஓவியங்கள் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் இருந்தன. அந்த மனையில் வரவிருந்த குடியிருப்புகளுக்கு அவை விளம்பரப் பின்னணியாகிவிடும் என்ற நிலையில், 2014 டிசம்பரில் அவர் ஒப்புதலோடு அவை கறுப்பு வண்ணம் பூசி மறைக்கப்பட்டன. 2016 மார்ச்சில் போலோன்யா நகரில், சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த தெருவோவியங்களை வைத்து நடக்கவிருந்த கண்காட்சியை எதிர்த்து, அந்நகரில் தான் இருபது ஆண்டுகளில் வரைந்த அனைத்தையும் தோழர்களின் உதவியோடு அவர் சாம்பல் நிறம் பூசி அழித்தார். அந்த இழப்பு சிறியதல்ல. என்றாலும், ஃபைவ்பாயின்ட்ஸின் வெள்ளைக்கும் போலோன்யாவின் சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு, அழிக்கும் முடிவு யார் கையில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் ஆசிரியருக்கு எஞ்சும் தனி உரிமைகளைச் சொல்கிறது: படைப்பைத் தன்னுடையது என்று உரிமைகோருவது, தன் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு விளைக்கும் வகையில் அதைச் சிதைப்பதைத் தடுப்பது. சிதைத்தல் என்பதில் முற்றாக அழிப்பதும் அடங்குமா என்பதுதான் கேள்வி. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசு கேட்டுக்கொண்டபடி உருவாக்கிய, சுமார் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் கட்டடப் புதுப்பிப்பின்போது பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் தொடர்ந்த வழக்கில் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், அழித்தல் என்பது சிதைத்தலின் உச்ச வடிவம் என்று கூறி, எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அரசு கேட்டு வாங்கிய படைப்பை அரசே பாழாக்கியதை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் 2019இல் அதே நீதிமன்றம் வேறு திசையில் பேசியது. பிரகதி மைதானத்தில் இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடம் 2017இல் இடிக்கப்பட்டதை எதிர்த்துக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் தொடுத்த வழக்கில், தன் நிலத்தில் உள்ள கட்டடத்தை இடிக்கும் உரிமையாளரின் சொத்துரிமையை 57ஆம் பிரிவைக் கொண்டு தடுக்க முடியாது என்றது. கட்டடமும் சுவரோவியமும் ஒன்றல்ல. இருந்தாலும், கட்டடத்தை இடிக்கும்போது அதன் சுவரில் உள்ள ஓவியமும் போகும் என்றால், இந்திய நீதிமன்றம் இன்று இரண்டாவது தீர்ப்பின் வழியில் செல்லவே வாய்ப்பு அதிகம் என்று நான் மதிப்பிடுகிறேன். கட்டடம் நிற்கும்போதே ஓவியத்தை மட்டும் குறிவைத்து அழித்தாலோ, பாதி அழித்து விகாரமாக விட்டாலோ சேகல் தீர்ப்பு கைகொடுக்கக்கூடும். அமெரிக்கச் சட்டத்தில் உள்ள 90 நாள் அறிவிப்பைப் போன்ற விதி நம் சட்டத்தில் இல்லை. நம்மிடம் உள்ள பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான்.

தமிழ்நாட்டில் அனுமதியற்ற சுவரெழுத்துக்கு எதிராக 1959 முதலே தனிச் சட்டம் உண்டு. கட்சிகளின் சுவர் விளம்பரங்கள் மீது தேர்தல் காலத்தில் வழக்குப் பதிவது அதன்படிதான். மறுபுறம், சென்னை மாநகராட்சியே ஓவியர்களை அழைத்து வரையச் செய்யும் சுவர்கள் பெருகியுள்ளன. நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்கள் முழுவதையும் நிரப்பி 2020இல் வரையப்பட்ட பெரும் ஓவியங்கள் அப்படிப்பட்டவை. அந்தக் கட்டடங்கள் பழுதுபார்க்கப்படும், மறுபூச்சுக் காணும், என்றாவது இடிக்கவும்படும். அன்று ஓவியருக்கும் அங்கே குடியிருப்போருக்கும் யார், எத்தனை நாள் முன்னதாக, எந்த வடிவில் சொல்ல வேண்டும் என்பதை வேலை தொடங்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

ஆகவே, நீங்கள் வரைபவராக இருந்தால், தூரிகையையோ ஸ்ப்ரே கேனையோ எடுப்பதற்கு முன் சுவரின் உண்மையான உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். வாடகைதாரரின் சம்மதம் போதாது என்பதை ஃபோக்ஸ்டன் வழக்கு காட்டுகிறது. குறைந்தபட்சம் எத்தனை காலம் ஓவியம் நிற்கும், அழிப்பதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு, பழுதானால் சரிசெய்யும் முதல் வாய்ப்பு யாருக்கு என்பவற்றை அதில் சேருங்கள். உங்கள் பெயரும் முகவரியும் மாறும்போது உரிமையாளருக்குத் தெரிவியுங்கள். அறிவிப்பு அனுப்ப முயன்றும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது எதிர்த்தரப்பின் எளிதான பதிலாகிவிடும். ஓவியம் முடிந்த நாளிலேயே தெளிவான புகைப்படங்களை, அளவு, தேதி, பயன்படுத்திய வண்ணங்களின் விவரத்தோடு பதிந்துவையுங்கள்.

நீங்கள் சுவரின் உரிமையாளராக இருந்தால், பிற்காலத்தில் இடிக்கவோ மறுபூச்சுப் பூசவோ உங்களுக்கு உரிமை உண்டு என்பதை ஓவியர் ஒப்புக்கொள்ளும் ஒரு பக்கத் தாளை வாங்கி வையுங்கள். வோல்காஃபிடம் அந்த ஒரு தாள் இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது. நேர்மையான ஓவியர் யாரும், முறையான அறிவிப்புக்கு உறுதி கொடுத்தால், அதில் கையெழுத்திட மறுக்க மாட்டார்.

விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட நம் சட்டம் தாராளமாக அனுமதிக்கிறது; திரைப்படக் காட்சியில் பொது இடத்துக் கலைப்படைப்பு எதுவும் இடம்பெறலாம் என்றும் விலக்கு உண்டு. ஆனால் சுவரோவியம் என்பது ஓவியம் என்ற வகையில் வருவதால், அதன் புகைப்படத்தை வணிக விளம்பரத்தில் அச்சிடுவதற்கு அந்த முதல் விலக்கு பொருந்தாது. வரைந்தவரிடம் உரிமம் பெற்றாக வேண்டும். சுவரின் உரிமையாளரிடம் பெற்ற அனுமதி அதற்கு ஈடாகாது.